டியூபாவின் முறை

போன வருஷம், கம்பி முக்கோணத்தை 'டிங்' என்று தட்டுபவருக்கே தனி வாசிப்பு கொடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் அந்த இசைக்குழுவில் ஆள் மிச்சமில்லை என்பதால், இந்த வருஷம் டியூபாக்காரரின் முறை வந்தது.

சின்ன இசைக்குழு. வருஷத்துக்கு ஒரு கச்சேரி. கச்சேரிக்கு ஒருவர் தன் நாற்காலியை விட்டு எழுந்து முன்னால் வந்து தனியாக வாசிப்பார், மற்றவர்கள் பின்னாலிருந்து தாங்குவார்கள். இது அவர்கள் வழக்கம். முதலில் வயலின்காரர்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். பிறகு புல்லாங்குழல், பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோ, கிளாரினெட். கிளாரினெட்காரருக்கு நடுவில் பல்லெல்லாம் போய்ப் பல்செட் வந்தபோது, புதுப் பல்லை ஊருக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்டு இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். அந்தப் பல்செட்டைச் செய்து கொடுத்தவரே டியூபாக்காரர்தான். அவர் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். இங்கே பூனைகளின் காலமெல்லாம் முடிந்த பிறகுதான் யானையின் பக்கம் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

டியூபாவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. பித்தளைக் குழாயை மலைப்பாம்பு மாதிரி சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு ஊதுவது. அதன் வாய் கூரையைப் பார்த்திருக்கும். பாட்டெல்லாம் மேலே மற்றவர்களிடம் நடக்கும். டியூபா அடியில் 'பூம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். அப்புறம் இன்னொரு 'பூம்'. நடுவில் எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று தாளத்தை எண்ணிக்கொண்டே இருப்பதுதான் அதில் பாதி வித்தை. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்யும்போது அந்த மௌனங்களை யாரும் எண்ணுவதில்லை, தாண்டிப் போய்விடுவார்கள். நம் டியூபாக்காரர் தாண்ட மாட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, ஊதாத நேரத்தையும் முழுசாக எண்ணி முடித்துவிட்டுத்தான் அடுத்த 'பூம்' ஊதுவார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி இரண்டு மூன்று தடவை கதவைத் திறந்து, ஆள் தூங்கிவிட்டாரா என்று பார்த்திருக்கிறாள். அப்புறம் பழகிவிட்டது.

பகலில் அவர் பல்செட் செய்பவர். மாவுக்கல் அச்சு, ரோஸ் நிற மெழுகு, தேய்க்கும் சக்கரம் என்று சின்ன ஜன்னலுள்ள அறை ஒன்றில் வேலை. நல்ல பல்செட் என்றால் அது பல்செட் என்று யாருக்கும் தெரியக் கூடாது. நல்ல டியூபாவும் அப்படித்தான் என்று அவர் நினைத்து, அதில் திருப்தியாகவே இருந்தார், போன வருஷக் கச்சேரி முடிந்து காரில் வீட்டுக்குப் போகும்வரை.

காரை ஓட்டியது மனைவி. எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவள் ஆசிரியை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். கச்சேரி ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் திரும்பும் வழியில் "நல்லா இருந்துச்சு" என்பாள். அன்றைக்கு அதோடு நிறுத்தவில்லை.

"நடுவுல சோகமா ஒரு இடம் வந்துச்சே, அத ரொம்ப நல்லா வாசிச்சீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

அது செல்லோ. அந்த இடத்தில் டியூபாக்காரர் மடியில் டியூபாவோடு சும்மா உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"தாங்க்ஸ்" என்றார்.

அதற்கு வேறு என்ன சொல்வது? 'அது நான் இல்லை' என்று சொன்னால், 'அப்ப நீங்க எது?' என்று கேட்பாள். அதைச் சொன்னால், இத்தனை வருஷமும் அவள் சொன்ன 'நல்லா இருந்துச்சு' எல்லாம் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்த கணக்காகிவிடும். அவள் மனசு கஷ்டப்படும். அவர் மனசு ஏற்கெனவே கஷ்டப்பட்டுவிட்டது. குடத்துக்குள் வைத்த விளக்காக இருப்பதில் அவருக்கு வருத்தமில்லை. ஊருக்குத் தெரிய வேண்டாம். வீட்டுக்காரிக்காவது தெரிய வேண்டாமா?

ஆகவே தனி வாசிப்பு கிடைத்ததும் அவர் வைத்துக்கொண்ட நோக்கம் ஒன்றே ஒன்றுதான். எந்தப் பாட்டை வாசித்தால், இவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, 'இது என் புருஷன்' என்று சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்வாள்?

விஷயம் வெளியே வந்ததும் யோசனைகள் கொட்டின. எல்லாம் ஒரே யோசனை.

"யானைப் பாட்டு வாசிங்க மாமா" என்றான் மச்சான். மனைவியின் தம்பி. ஞாயிறு தவறாமல் சாப்பிட வருபவன், சாப்பாட்டுக்குப் பதிலாகக் கருத்துகளைக் கொடுத்துவிட்டுப் போகிறவன். "டியூபான்னாலே யானைதான். தும்பிக்கைய ஆட்டிக்கிட்டு நடந்து வர்ற மாதிரி ஏதாச்சும் வாசிங்க. ஜனம் சிரிக்கும்."

"எதுக்குச் சிரிக்கணும்?"

"பின்ன, அழுவாங்களா?"

முக்கோணக்காரரும் யானையைத்தான் சொன்னார். கிளாரினெட்காரர் சற்று யோசித்துவிட்டு நீர்யானை என்றார். பல்செட் வாங்க வந்த பெரியவர் ஒருவர், அச்செடுக்கும் பசை வாயில் இருந்தபடியே, கையால் தும்பிக்கை ஆட்டிக் காட்டினார். டியூபாக்காரர் ஒரு கணம் சபலப்பட்டார் என்பதை மறைப்பானேன். யானை என்றால் அடையாளம் தெரியாமல் போகாது. ஆனால் அவள் கண்டுபிடிக்க வேண்டியது புருஷனை, யானையை அல்ல. அந்த யோசனையை அத்தோடு விட்டார்.

முதலில் ஒரு வேகப் பாட்டை எடுத்துப் பார்த்தார். யாரோ ட்ரம்பெட்டுக்கு எழுதியது. சுரங்கள் சின்ன எழுத்தில் எறும்பு மாதிரி ஊர்ந்தன. இந்த வாத்தியத்தில் இவ்வளவு வேகமா என்று ஊரே வாயைப் பிளக்கும், அவளும் பிளப்பாள் என்று கணக்குப் போட்டார். இரண்டாவது பக்கத்தின் நடுவில் கதவு திறந்தது.

"என்னங்க, நெஞ்ச கிஞ்ச வலிக்குதா?"

"இல்லையே. ஏன்?"

"மூச்சு வாங்குற சத்தம் கூடம் வரைக்கும் கேக்குது. மூணாவது கியர்ல ஏத்தத்துல ஏறுற மாதிரி. கொஞ்சம் ரெண்டாவதுக்கு வாங்க."

வேகப் பாட்டு போயிற்று. பிறகு அவர் செய்ததைச் சொன்னால் உங்களுக்கே பாவமாக இருக்கும். அந்தச் செல்லோ பாட்டின் சோகமான இடத்தை எடுத்து, டியூபாவுக்கு ஏற்றபடி இறக்கி எழுதி, இரண்டு வாரம் சத்தமில்லாமல் பழகினார். அவளுக்குப் பிடித்தது அது. அவர் வாசித்ததாகத்தான் அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அதையே நிஜமாகவே வாசித்துவிட்டால் பொய் என்று எதுவும் மிச்சமிருக்காது அல்லவா? ஒரு சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து வாசித்துக் காட்டினார். கடைசிச் சுரத்தை அடங்க அடங்க இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது அன்னைக்கு நீங்க வாசிச்சதுதானே?" என்றாள்.

"ஆமா."

"அன்னைக்கு இன்னும் நல்லா வாசிச்சீங்க."

டியூபாக்காரர் வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்து உள்ளே சேர்ந்த தண்ணீரை வடித்தார். வடிய வேண்டியதைவிட அதிக நேரம் வடித்தார்.

இப்படி இருக்கும்போதுதான் மருந்துக்கடை அம்மா பாட்டைத் தானே தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். இசைக்குழுவின் முன்னால் நின்று கோல் அசைத்து நடத்துபவர் அவர். நாள் முழுவதும் மருந்துக்கடை நடத்துபவரும் அவரே. இரண்டுக்கும் அவர் ஒரே குரல்தான் வைத்திருந்தார். "இந்த வருஷம் டியூபாவுக்குன்னே முறையா எழுதின பெரிய உருப்படி ஒண்ணு இருக்கு. அதையே போட்டுடலாம். சனிக்கிழமை தவறாம வந்துடுங்க, முழு டோஸ்."

ஒத்திகை, விளையாட்டுக் கழகத்தின் டேபிள் டென்னிஸ் கூடத்தில் நடக்கும். மேசைகளை மடித்துச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலி போடுவார்கள். ஒரு தடவை டியூபாவில் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் வராமல் போய், நோயென்ன என்று ஆளுக்கு ஆள் பார்த்து, கடைசியில் உள்ளேயிருந்து ஒரு பந்து வெளியே வந்தது. அப்படிப்பட்ட இடம். அன்று சனிக்கிழமை டியூபாக்காரர் வழக்கமான கடைசி மூலையை விட்டுவிட்டு, தன் கனத்தைத் தூக்கிக்கொண்டு, எல்லார் முட்டியையும் இடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முன்னால் வந்து உட்கார்ந்தார். வயலின்காரர்களின் முகங்களை முன்பக்கமிருந்து பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவை. ஒருவருக்கு மீசை இருப்பதை அன்றுதான் கவனித்தார்.

கோல் இறங்கியது. அவர் ஊதினார். நன்றாகவே ஊதினார். பத்து மூச்சு தாண்டுவதற்குள் பின்னால் ஏதோ அவிழத் தொடங்கியது. வயலின்கள் முன்னால் ஓடின. ஹார்ன் மெல்லக் கீழே சரிந்தது. புல்லாங்குழல் தனிக் குடித்தனம் போய்விட்டது. கிளாரினெட் நின்று, சுற்றும் முற்றும் பார்த்து, மறுபடி தப்பான இடத்தில் சேர்ந்தது. மருந்துக்கடை அம்மா கோலால் தன் முன்னாலிருந்த இசைத்தாள் தாங்கியைத் தட்டினார்.

"என்ன ஆச்சு?"

"கூடம் சரியில்ல. எதிரொலிக்குது" என்றார் முதல் வயலின். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி அவிழ்ந்தது. மூன்றாம் தடவை மருந்துக்கடை அம்மா கோலைக் கீழே வைத்துவிட்டு, காலாவதியான மாத்திரையைப் பார்ப்பது போல எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அடியில ஒண்ணுமே கேக்கலையே. டியூபா எங்க?"

எல்லாரும் கடைசி மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நாற்காலி காலியாக இருந்தது.

"இங்க இருக்கேன்" என்றார் டியூபாக்காரர்.

"நீங்க இங்க இருக்கீங்க. அங்க யாரு?"

"அங்கயும் நான்தான்."

வயலின் முன்னால் வந்தால் பின்னால் இன்னும் வயலின்கள் இருக்கும். முக்கோணம் முன்னால் வந்தால் உலகம் நின்றுவிடாது. டியூபா ஒன்றே ஒன்று. அதை முன்னால் உட்காரவைத்தால் பின்னால் அடித்தளமே இருக்காது என்பது, இத்தனை வருஷம் சேர்ந்து வாசித்த இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டியூபாக்காரருக்கும் தோன்றவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.

அந்த 'பூம்' எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான் எல்லாரும் காலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருந்தது அவர்களுக்கே தெரியாது. தெரிந்ததும் நன்றி பொங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்சம் கோபம்தான் வந்தது.

"இவரு பின்னாடியே உக்காந்து வாசிக்கட்டுமே. தனி வாசிப்பையும் அடியையும் மாத்தி மாத்தி வாசிச்சுட்டா?" என்றார் கிளாரினெட்.

"ஒரே வாயில எப்படிங்க?" என்று கேட்டார் டியூபாக்காரர். வாயைப் பற்றிக் கேட்க, பல்செட் செய்பவருக்கு உரிமை இருந்தது.

முக்கோணக்காரர் தொண்டையைக் கனைத்தார். "எனக்கு யார் தயவும் வேணாம். நான் வேணா இந்த வருஷமும் பண்ணிடறேன்."

மருந்துக்கடை அம்மா யோசித்தார். "அடுத்த சனிக்கிழமைக்குள்ள இந்தக் குழு தாங்குற மாதிரி ஒரு பாட்டு நீங்களே கொண்டு வாங்க. இல்லேன்னா முக்கோணம். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் என்பதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். முறை மறுபடி முதல் வயலினிலிருந்து ஆரம்பித்துவிடும். டியூபா வந்து சேர்வதற்குள் டியூபாக்காரருக்கே பல்செட் தேவைப்படலாம். அவர் வாத்தியத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவியிடம் ஒத்திகை நன்றாகப் போனதென்று சொன்னார். மனசுக்குள் நிஜமாகவே அழுகை வந்தது. வெளியே வரவில்லை. அவருடைய தொழில் முகத்தில் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வது.

மறுநாள் காலை, என்ன வாசிப்பது என்று தெரியாமல், கை போன போக்கில் பழைய வால்ட்ஸை எடுத்து ஊதினார். ஒன்று-இரண்டு-மூன்று என்று சுற்றிச் சுற்றி வரும் நடன இசை. ஒவ்வொரு கச்சேரியையும் குழு அதில்தான் முடிக்கும். அதில் அவருடைய பங்கு பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று தடவை கீழே இறங்கும், ஒரு தடவை ஏறும், அதன் பின் நீளமாக ஒரு மௌனம், அப்புறம் திடுக்கென்று இரண்டே இரண்டு சுரம். ஊதி, எண்ணி, ஊதி முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வாசல் பக்கம் வந்தார்.

மனைவி வெளியே காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூரையில் பலகை வைத்த, ஊர் முழுக்க ஒதுங்கி வழிவிடும் பயிற்சிக் கார். வாளியில் நுரை. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, துணியால் தேய்த்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தாள். மூன்று தடவை இறங்கியது. ஒரு தடவை ஏறியது. பிறகு முணுமுணுப்பு நின்றுவிட்டது. அவள் சக்கரத்தைத் தேய்த்தாள், துணியைப் பிழிந்தாள், எழுந்து அடுத்த சக்கரத்துக்குப் போனாள். டியூபாக்காரர் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கவும் அவள் வாயிலிருந்து இரண்டு சுரம் வரவும் சரியாக இருந்தது. திடுக்கென்று, இரண்டே இரண்டு.

அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தற்செயல் என்று நினைத்தார். அவள் மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி மௌனம். இந்தத் தடவை நடுவில் பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர்க் குழாயைப் பற்றி இரண்டு வார்த்தை பேசக்கூடச் செய்தாள். பேசி முடித்து, இரண்டு சுரத்தையும் அதனதன் இடத்தில் வைத்தாள்.

"ஏம்மா, அது என்ன பாட்டு?"

"எது?"

"இப்ப பாடினியே."

"நீங்க வாசிக்கிறதுதான். வேற என்ன பாட்டு தெரியும் எனக்கு?"

"அது கச்சேரியில கடைசியா நாங்க வாசிக்கிற பாட்டு."

"சேச்சே, அது வேற." அவள் துணியை வாளியில் போட்டாள். "அங்க வயலினெல்லாம் போட்டு லல்லல்லான்னு ஒண்ணு வாசிப்பீங்களே, அது இல்ல. இது நம்ம வீட்டுப் பாட்டு. கல்யாணம் ஆனதுலேர்ந்து கதவுக்கு அந்தப் பக்கம் கேக்குது. எனக்கு இதுதான் பிடிக்கும். அதுலயும் அந்த நடுவுல ஒண்ணுமே இல்லாம இருக்கும் பாருங்க, அந்த இடம்."

"அந்த இடம் பிடிக்குமா?"

"அடுத்தது எப்ப வரும்னு இருக்கும்ல." ஈரக் கையால் முன்முடியை ஒதுக்கினாள். "நானும் ஒவ்வொரு வருஷமும் பாக்கறேன். இந்த வருஷமாச்சும் இத அங்க வாசிப்பாரு, வாசிப்பாருன்னு. ஒரு தடவ கூட வாசிச்சதில்ல நீங்க. சரி, நம்ம வீட்டுப் பாட்டு நல்லா இல்ல போல, வெளிய வாசிக்கக் கூச்சப்படறாருன்னு விட்டுட்டேன்."

டியூபாக்காரர் உள்ளே போய், மாடிப்படியின் முதல் படியில் உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையில் அவள் ஒவ்வொரு வருஷமும் காத்திருந்திருக்கிறாள். அவரும் ஒவ்வொரு வருஷமும் அதையேதான் வாசித்திருக்கிறார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைப் பற்றி அவரும் மற்றவர்களுக்கு எவ்வளவோ தடவை சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமையே மருந்துக்கடைக்குப் போனார். அம்மா யாருக்கோ இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"வால்ட்ஸ வாசிக்கறேன்" என்றார் டியூபாக்காரர்.

"அது எல்லாரும் வாசிக்கிறதாச்சே. மெட்ட நீங்க ஊதறீங்களா?"

"மெட்டு வேணாம். என்னோட பங்கு. முதல் தடவ நான் மட்டும். ரெண்டாவது தடவ எல்லாரும் எப்பவும் போல."

"உங்க பங்குல பாதி சும்மா இருக்கறதுதானே?"

"ஆமா."

"அப்ப சும்மா இருப்பீங்க. முன்னாடி உக்காந்து."

"ஆமா."

அம்மா சில்லறையைக் கொடுத்துவிட்டு, கல்லாவை மூடினார். "சும்மா இருக்கறத யாரு உக்காந்து கேப்பாங்க?"

"ஒருத்தங்க கேப்பாங்க" என்றார்.

அவர் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார் அம்மா. நாள் முழுவதும் நோய்களைக் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவர். மேலே கேட்கவில்லை. அதோடு, டியூபாவின் பங்கை டியூபாவே வாசித்தால் குழுவின் அடியும் அப்படியே இருக்கும், புதிதாக ஒத்திகையும் வேண்டாம் என்பது அவருக்கு உடனே உறைத்துவிட்டது. "சரி. பக்க விளைவு ஒண்ணும் இருக்காது" என்றார். முக்கோணக்காரர் மட்டும் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கச்சேரி அன்று நகர அரங்கம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் மனைவி. பக்கத்தில் மச்சான், யானை வரும் என்று யாரோ ஒருவருக்கு வாக்குக் கொடுத்துக்கொண்டு. கடைசி உருப்படிக்கு முன்னால் டியூபாக்காரர் எழுந்து, முட்டிகளை இடித்து, மன்னிப்புக் கேட்டு, முன்னால் வந்து உட்கார்ந்தார். விளக்கு அவர் மேல் விழுந்தது. பித்தளை தகதகத்தது. மேடையில் வேறு சத்தமே இல்லை.

மூன்று தடவை இறங்கினார். ஒரு தடவை ஏறினார். உதட்டை எடுத்தார். மௌனம் ஆரம்பித்தது.

வீட்டில் கதவுக்குள் இருக்கும் மௌனம் வேறு. நூற்றுக்கணக்கான பேர் உங்களையே பார்க்கும் மௌனம் வேறு. யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவர், முடிந்துவிட்டது போல என்று நினைத்துக் கைதட்டினார். பாவம் மனுஷன் இவ்வளவுதானே வாசித்தார் என்று இரக்கப்பட்டு இன்னும் நாலு பேர் தட்டினார்கள். மச்சானும் தட்டினான். கைதட்டல் பரவி, யாரும் எழுந்திருக்காததைப் பார்த்து வெட்கப்பட்டு, ஓய்ந்தது. ஓய்ந்தபோது டியூபாக்காரருக்குத் தெரிந்தது, எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது.

வாழ்நாளில் அது நடந்ததில்லை. பின்னால் வயலின்கள் வாசித்துக்கொண்டிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறலாம். அவர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. அவர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

அவள் கைதட்டியிருக்கவில்லை. பயிற்சிக் காரில் உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில், வலது பாதம் கொஞ்சம் முன்னால் தள்ளி, இல்லாத பிரேக்கின் மேல். வண்டியைக் கிளப்பத் தெரியாமல் திணறும் மாணவனைப் பார்க்கும் அதே பொறுமையோடு அவரைப் பார்த்தாள். அவசரமே இல்லை. இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்று அவள் பாதம் அழுத்திப் பிடித்திருந்தது. பிறகு பாதம் மேலே வந்தது. மோவாய் ஒரு துளி இறங்கியது. அவள் மூச்சை இழுத்தாள்.

அவரும் இழுத்தார். இரண்டு சுரம். திடுக்கென்று, இரண்டே இரண்டு.

அவள் உதடுகளும் அதையே சொன்னதை அவர் பார்த்தார். வாயில் டியூபா இருக்கும்போது சிரிக்க முடியாது, சிரித்தால் சுரம் கெட்டுவிடும். எப்படியோ கெடாமல் சமாளித்தார்.

பின்னால் கோல் எழுந்தது. குழு முழுவதும் உள்ளே வந்தது, வருஷா வருஷம் வருகிற அதே வால்ட்ஸ், லல்லல்லா என்று வயலின்களோடு. டியூபாக்காரர் தன் பங்கை எப்போதும் போல வாசித்தார். மூன்றாவது வரிசையில் அவள் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஓடும் எஞ்சினுக்குள் ஏதோ சத்தம் வருகிறதே என்று காது கொடுத்துத் தேடும்போது அவள் அப்படித்தான் சாய்ப்பாள். கொஞ்ச நேரம் தேடினாள். பிறகு அவள் புருவங்கள் இரண்டும் மேலே போய், அங்கேயே நின்றன.

திரும்பும் வழியில் மச்சான் பின் இருக்கையில் டியூபாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, யானை வராத ஏமாற்றத்தை விவரித்துக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கில் கார் நின்றது.

"ரெண்டாவது தடவ எல்லாரும் வாசிச்சாங்கல்ல, அப்ப அடியில இருந்துச்சு" என்றாள்.

"என்னது?"

"நம்ம வீட்டுப் பாட்டு."

"ஆமா."

"எல்லா வருஷமும் இருந்துச்சா?"

"எல்லா வருஷமும்."

அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தச் சோகமான இடம்?"

"அது செல்லோ."

"அத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நல்லா இருந்துச்சுன்னு சொன்னியே, அதான்."

விளக்கு பச்சையானது. அவள் கவனிக்கவில்லை. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது. அவள் சட்டென்று கிளட்சை விட, கார் ஒரு தடவை உதறிவிட்டு, நடுச் சந்தியில், தலையில் பயிற்சிப் பள்ளிப் பலகையோடு, அணைந்துபோய் நின்றது.

"அக்கா, வண்டி ஆஃப் ஆயிடுச்சு" என்றான் மச்சான்.

"தெரியுதுடா. கொஞ்சம் சும்மா இரு."

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பின்னால் இப்போது மூன்று நான்கு ஹாரன்கள் சேர்ந்துகொண்டன, ஒன்றோடொன்று சேராமல், ஆளுக்கொரு வேகத்தில். டியூபாக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா இருப்பது அவருக்குப் பழக்கம்தானே. அவள் சாவியைத் திருப்பும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.